தலை போனால் அடுத்த தலை

2002-ம் ஆண்டு நவம்பர் 13. புதன்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பெத் இஸ்ரேல் டீகனஸ் என்று ஒரு பெரிய மருத்துவமனை. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. கம்ப்யூட்டர் விஷயத்தில் 1970-களிலிருந்தே மற்ற மருத்துவமனைகளுக்கு முன்னோடி. டாக்டர் மருந்து எழுதுவது, ரத்தப் பரிசோதனை முடிவு வருவது, எக்ஸ்ரே படம் பார்ப்பது எல்லாமே திரையில்தான்.

அன்றைக்கு மதியம் ஒன்றே முக்கால் மணிவாக்கில் திரைகள் மந்தமாகின. பட்டனைத் தட்டினால் பதில் வர நேரமாகிறது. சரி, யாரோ பெரிய ஃபைல் அனுப்புகிறார்கள் போலிருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பதில் வருவதே நின்றுபோனது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நோயாளிகளின் விவரம் முழுவதும் பத்திரமாக உள்ளே இருந்தது. ஒன்று இன்னொன்றோடு பேச முடியவில்லை. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் நான்கு நாள் நீடித்தது.

நீங்கள் உடனே கேட்பீர்கள். இத்தனை பெரிய மருத்துவமனையில் மாற்று ஏற்பாடு ஒன்றும் இல்லையா?

இருந்தது. ஒரு கேபிள் போனால் இன்னொரு கேபிள். ஒரு பெட்டி போனால் இன்னொரு பெட்டி. எல்லாம் ரெட்டை ரெட்டையாக வாங்கிப் போட்டிருந்தார்கள். கடைசியில் ஆளைக் கவிழ்த்ததும் அந்த ரெட்டைதான்.

எப்படி என்று புரிய வேண்டுமானால், ஸ்விட்ச் என்ற பெட்டியை முதலில் பார்த்துவிட வேண்டும். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. உங்கள் அலுவலகத்தில் ஏதோ ஒரு மூலையில், தூசி படிந்த அலமாரிக்குள், பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டு ஒரு தட்டைப் பெட்டி இருக்குமே, பின்னால் கொத்துக் கொத்தாக நீல வயர் தொங்க, அதுதான். ஒரு கம்ப்யூட்டர் அனுப்புகிற தகவலை வாங்கி, யாருக்குப் போகவேண்டுமோ அந்த வயரில் தள்ளிவிடுவது அதன் வேலை. தபால்காரர் உத்தியோகம்.

விலாசம் தெரிந்தால் நேரே போய்க் கொடுத்துவிடும். தெரியாவிட்டால்? தண்டோரா. வந்த வயரைத் தவிர மற்ற எல்லா வயரிலும் அதே தகவலைப் போட்டுவிடும். அடுத்த பெட்டி அதை வாங்கித் தன் பங்குக்குத் தானும் தண்டோரா போடும். ஊருக்கு ஒரே தெரு என்றால் தண்டோரா கடைசி வீடுவரை போய் முடிந்துவிடும். ஆனால் மாற்று வழி வேண்டும் என்று இன்னொரு தெருவையும் வெட்டிவிட்டோம் அல்லவா? இப்போது ஊர் ஒரு வளையம். இந்தத் தெருவில் கிளம்பிய தண்டோரா அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. பெட்டிக்கு அடையாளம் தெரியாது. புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி அடிக்கும். அது மறுபடி சுற்றும். ஈதர்நெட் தகவலில் ‘நான் இத்தனை தடவை சுற்றிவிட்டேன், போதும்’ என்று குறித்துக்கொள்ள இடமே கிடையாது. சில நொடிகளில் வளையம் முழுக்கத் தண்டோரா. அசல் தபாலுக்கு வழி இல்லை.

ஆக, ஒரே ஒரு வழி வைத்தால், அது அறுந்த அன்று போச்சு. ரெண்டு வழி வைத்தால், அறுவதற்கு முன்னாலேயே போச்சு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு பெண்மணி. ராடியா பெர்ல்மன். 1980-களின் நடுவில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மேலதிகாரி வந்து, இப்படி ஒரு பிரச்னை இருக்கிறது, தீர்த்துக் கொடு என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் லீவில் போய்விட்டார். இந்த அம்மாள் அன்று ராத்திரியே விடையைக் கண்டுபிடித்துவிட்டார். திங்கள், செவ்வாய் ரெண்டு நாளில் முழுவதையும் எழுதி முடித்தாயிற்று. காட்டலாம் என்றால் அதிகாரி ஊரில் இல்லை. வேறு வேலையில் மனசு ஓடவில்லை. மிச்சமிருந்த நாட்களில், தன் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு கவிதை எழுதிவைத்தார். ஜாய்ஸ் கில்மர் என்ற அமெரிக்கக் கவிஞர் மரங்களைப் பற்றி எழுதிய பிரபலமான கவிதையைக் கிண்டலாகத் தழுவியது. 1985-ல் அவருடைய ஆய்வுக்கட்டுரை வந்தபோது அந்தக் கவிதையும் கூடவே அச்சேறியது. பொறியியல் கட்டுரைகளில் கவிதை வருவது தினமும் நடக்கிற காரியமில்லை.

விடை இதுதான். பெட்டிகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். நம் கதைகளில் பட்டத்து யானை போய் மாலை போடுமே, அந்த அளவுக்குக் கோலாகலம் கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. யாருடைய எண் குறைவோ அவர் தலைவர். அங்கிருந்து ஒரு மரம்போலக் கிளை பிரித்துக்கொண்டு, எந்தக் கேபிள் தேவை, எது உபரி என்று எல்லாப் பெட்டிகளும் முடிவு செய்யும். உபரியை அடைத்துவிடும். கேபிள் செருகித்தான் இருக்கும், ஆனால் தகவல் போகாது. தலைவர் ரெண்டு நொடிக்கு ஒருதரம் ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பார். அது கீழே கீழே போய்ச் சேரும். சேரவில்லையா? எங்கேயோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கணக்குப் போட்டு, அடைத்துவைத்த வழியைத் திறப்பார்கள். பழைய முறையில் இதற்கு முப்பதிலிருந்து ஐம்பது நொடி பிடிக்கும்.

இதற்கு ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். 1990-ல் சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, பெர்ல்மனே இதைத் தற்காலிகமான ஒட்டுவேலை என்றுதான் நினைத்தார். நெட்வொர்க்கை ஒழுங்காகப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டினால் இது தேவைப்படாது என்பது அவர் கட்சி. உலகம் கேட்டால்தானே! செருகினால் வேலை செய்கிறதா, போதும் என்று செருகிக்கொண்டே போனது.

இப்போது பாஸ்டனுக்குத் திரும்பலாம்.

அந்த மருத்துவமனை 1996-ல் ரெண்டு மருத்துவமனைகள் ஒன்றாகச் சேர்ந்ததால் உருவானது. பெத் இஸ்ரேல் ஒன்று, டீகனஸ் ஒன்று. நெட்வொர்க்கையும் அப்படியேதான் ஒட்டினார்கள். புதுக் கட்டடமா, ஒரு பெட்டி வாங்கிப் பக்கத்துப் பெட்டியில் செருகு. புது ஆய்வுக்கூடமா, அதிலிருந்து இன்னொன்று. நம் ஊரில் மாடிக்கு மேல் மாடியாக வீடு கட்டிக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி.

ஸ்பானிங் ட்ரீக்கு ஓர் எல்லை உண்டு. கம்பெனி அமைத்து அனுப்பும் கணக்குப்படி, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஏழு பெட்டிகளைத் தாண்டக்கூடாது. தாண்டினால், தலைவரின் ‘நான் இருக்கிறேன்’ கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரும் முன்பே காலாவதி ஆகிவிடும் ஆபத்து. பாஸ்டனில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமித்துவைக்கும் பகுதி பத்துப் பெட்டி தள்ளி இருந்தது. வருஷக்கணக்காக அப்படியே ஓடிக்கொண்டும் இருந்தது. அதுதான் இந்த மாதிரி விஷயங்களில் பெரிய தொல்லை. எல்லையைத் தாண்டிய அன்றே எதுவும் வெடிப்பதில்லை.

அந்த நவம்பரில் ஓர் ஆராய்ச்சியாளர் புது மென்பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அது எக்கச்சக்கமான தகவலை நெட்வொர்க்கில் கொட்டியது. பெட்டிகள் திணறின. திணறலில் தலைவரின் செய்திகள் தொலைந்தன. செய்தி வராத பெட்டி என்ன நினைக்கும்? தலைவர் போய்விட்டார், பாதை அறுந்துவிட்டது. அடைத்துவைத்த மாற்று வழியைத் திறந்துவிட்டது. அசல் வழியும் திறந்திருக்கிறது, மாற்று வழியும் திறந்துவிட்டது. வளையம். தண்டோரா.

பழியை அந்த ஆராய்ச்சியாளர் மேல் போடுவது சுலபம். போடுவது நியாயமில்லை என்றுதான் தோன்றுகிறது. கூரையில் வைக்கோல் அடுக்கியவர்கள் வேறு ஆட்கள்.

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் ஜான் ஹலாம்கா. அவரே அவசர சிகிச்சை டாக்டரும்கூட. அவருடைய ஆட்கள் கோளாறு எங்கே என்று தேட, நெட்வொர்க்கின் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். இயல்பாக யாரும் செய்கிற காரியம். ஆனால் ஒவ்வொரு முறை ஒன்றை அணைக்கும்போதும் மிச்சப் பெட்டிகள் ‘அமைப்பு மாறிவிட்டது’ என்று மறுபடி கணக்குப் போட ஆரம்பிக்கும். ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருப்பவரிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்ன மாதிரி. நெட்வொர்க் சிறிது நேரம் வரும். அப்பாடா என்று உட்காருவதற்குள் போகும். மறுபடி வரும்.

டாக்டர்களுக்கு இது முழுதாகப் படுத்துவிடுவதைவிட மோசம். யோசித்துப் பாருங்கள். மருந்துச் சீட்டைக் கம்ப்யூட்டரில் போட்டாயிற்று. அது மருந்தகத்துக்குப் போனதா, பாதியில் தொலைந்ததா? நர்ஸ் கொடுத்துவிட்டாரா, இன்னும் காத்திருக்கிறாரா? கடைசியில் ஹலாம்காவும் நிர்வாகமும் ஒரு முடிவெடுத்தார்கள். வந்து வந்து போவது வேண்டாம். நிறுத்திவிடுவோம். காகிதத்துக்குப் போவோம்.

இருபத்தோராம் நூற்றாண்டின் நவீன மருத்துவமனை ஒரே மாலையில் பழைய காலத்துக்குப் போனது. கையால் மருந்துச் சீட்டு எழுதிப் பழக்கமே இல்லாத இளம் டாக்டர்களுக்கு, சீனியர்கள் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பரிசோதனை முடிவுகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் மாடிக்கு மாடி ஓடினார்கள். நோயாளிகள் யாருக்கும் இதனால் தீங்கு ஏற்படவில்லை என்று மருத்துவமனை பின்னர் சொன்னது. அதற்குக் காரணம் ஸ்விட்ச் அல்ல, படிக்கட்டில் ஓடிய கால்கள்.

சிஸ்கோ கம்பெனி தன் பொறியாளர்களையும் புதுப் பெட்டிகளையும் அவசரமாக அனுப்பியது. அவர்கள் நெட்வொர்க்கைப் பகுதிகளாக வெட்டி, ஒரு பகுதியின் தண்டோரா இன்னொரு பகுதிக்குள் நுழையாதபடி கட்டினார்கள். பெர்ல்மன் முதலிலேயே சொன்ன வழி! சனிக்கிழமைக்குள் உயிர் வந்தது. பிறகு ஹலாம்கா செய்ததுதான் ஆச்சரியம். மூடி மறைக்கவில்லை. பத்திரிகைகளிடம் முழுக்கதையையும் சொன்னார். நெட்வொர்க் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற விவரம் ஒரே ஓர் ஆளின் தலைக்குள் மட்டும் இருக்க விட்டதையும் சேர்த்துச் சொன்னார்.

இந்தச் சங்கடங்களுக்கெல்லாம் ஒரு பதிலாக வந்ததுதான் அடுக்கு ஸ்விட்ச். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது முன்பே இருந்தது. 2003-ல் சிஸ்கோ 3750 என்ற மாடலைக் கொண்டுவந்தபோது அது பரவலாகப் பேசப்பட்டது. ஒன்பது பெட்டிகள்வரை அடுக்கலாம். பின்பக்கம் தடிமனான தனிக் கேபிள்களால் வளையமாகக் கோர்ப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்பது பெட்டி இல்லை, ஒரே பெட்டி. ஒரே விலாசம், ஒரே அமைப்பு.

கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒன்பது பேர், ஒரே ரேஷன் கார்டு. குடும்பத் தலைவர் என்று ஒரு பெயர். அவர்தான் மாஸ்டர். அவர் இல்லாமல் போனால் கார்டு செல்லாமல் போகாது, அடுத்தவர் பெயருக்கு மாறும். வீட்டில் சமையல் நிற்காது. அதுதான் விஷயம். மேலே போகும் ரெண்டு கேபிளை ரெண்டு வெவ்வேறு பெட்டிகளில் செருகி, ‘இது ரெண்டும் ஒன்றே’ என்று சொல்லிவிட்டால் ரெண்டிலும் தகவல் போகும். உபரி என்று எதையும் அடைத்துவைக்க வேண்டாம். ஒன்று அறுந்தால் மற்றது சுமக்கும்.

சரி, யார் தலைவர்? இதை நாம் சொல்லாவிட்டால் பெட்டிகளே முடிவு செய்துகொள்ளும். எல்லாரும் சமம் என்றால் கடைசியில் தொழிற்சாலையில் குத்திய எண்ணில் குறைந்தது எதுவோ அது ஜெயிக்கும். குறைந்த எண் என்றால் பெரும்பாலும் முதலில் தயாரானது. அதாவது அடுக்கிலேயே கிழட்டுப் பெட்டி! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தாங்களே முன்னுரிமை எண் போடுவார்கள். ஒன்றிலிருந்து பதினைந்து வரை. தலைவருக்குப் பதினைந்து, அடுத்தவருக்குப் பதினான்கு. ஸ்பானிங் ட்ரீயில் குறைந்த எண் ஜெயிக்கும், இங்கே கூடின எண் ஜெயிக்கும். ஏன் இப்படி மாற்றிவைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

தலைவர் மாறும்போது வீட்டுக் கதவு எண்ணும் மாறிவிடும் வசதி ஒன்றும் உண்டு. வசதி என்றா சொன்னேன்? தொல்லை. அடுக்கின் விலாசம் பழைய தலைவருடையதாக இருக்கும். அவர் போனதும் புதுத் தலைவருடைய விலாசத்துக்கு மாறினால், எதிர்வீட்டுப் பெட்டி ‘நீ யாரப்பா?’ என்று இணைப்பைத் துண்டித்து மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே, யார் போனாலும் பழைய விலாசமே இருக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான். இதை எழுத மறந்த இடங்களில், மாற்றுத் தலைவர் ஒழுங்காகப் பொறுப்பேற்ற பிறகும் நெட்வொர்க் தடுமாறும்.

இதைவிட விபரீதம், குடும்பம் பிரிவது. வளையக் கேபிளில் ஒன்று அறுந்தால் பரவாயில்லை, மறுபக்கம் சுற்றிப் போய்க்கொள்ளும். ரெண்டு இடத்தில் அறுந்தால்? அடுக்கு ரெண்டாகப் பிளக்கும். யாரும் சாகவில்லை. ஆனால் ஒவ்வொரு பாதியும் மறுபாதி செத்துவிட்டது என்று நினைக்கும். தலைவர் இல்லாத பாதி தனக்கொரு தலைவரை வைத்துக்கொள்ளும். இப்போது ஒரே தெருவில், ஒரே கதவு எண்ணில், ஒரே ரேஷன் கார்டோடு ரெண்டு வீடு. தபால்காரர் என்ன செய்வார்? சேர்த்துவைப்பதும் சும்மா இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற ரெண்டு பாதியைக் கேபிள் போட்டு இணைத்தால், தோற்ற பக்கம் முழுவதும் அணைந்து திரும்பக் கிளம்பும். அந்தப் பக்கம் எத்தனை கம்ப்யூட்டர் இருந்ததோ, எல்லாவற்றுக்கும் அந்த நேரம் இருட்டு.

இன்னொரு சங்கதி. அடுக்கில் இருக்கிற அத்தனை பெட்டியும் ஒரே மென்பொருளில் ஓடுகிறவை. தலைவருக்கு வந்த நோய் அடுத்தவருக்கும் வருமா, வராதா?

இதற்குப் பதில் ஈதர்நெட்டில் இல்லை, டெலிபோனில் இருக்கிறது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி கம்பெனி மாற்று ஏற்பாட்டில் கரைகண்டது. 1965-ல் நியூஜெர்ஸியின் சக்கசன்னா என்ற ஊரில் அதன் முதல் பெரிய எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தபோதே, நாற்பது வருஷத்துக்கு மொத்தம் ரெண்டு மணி நேரம்தான் படுக்கலாம் என்று குறிக்கோள் வைத்திருந்தார்கள். உள்ளே ரெண்டு மூளை. ஒன்று போனால் மற்றது.

1990 ஜனவரி 15, மதியம் 2.25. நியூயார்க்கில் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குச் சின்ன உடம்புச் சரியில்லை. சட்டப்படி ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, ஐந்தாறு நொடியில் தன்னைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வேலைக்கு வந்தது. எல்லாம் திட்டப்படிதான். ‘அவர் வந்துவிட்டார்’ என்று பக்கத்து எக்ஸ்சேஞ்ச் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவரிடமிருந்து இன்னொரு செய்தி, நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்து விழுந்தது. முந்தைய டிசம்பரில்தான் எல்லா எக்ஸ்சேஞ்சிலும் புது மென்பொருள் ஏற்றியிருந்தார்கள். அதில் தப்பான இடத்தில் ஒரு ‘பிரேக்’ கட்டளை. பக்கத்து எக்ஸ்சேஞ்ச் குழம்பித் தன்னை நிறுத்திக்கொண்டது. அதன் ரெண்டாவது மூளை பொறுப்பேற்றது. அதற்குள்ளும் அதே மென்பொருள், அதே தப்பு. அதுவும் விழுந்தது. பிறகு எழுந்து ‘நான் வந்துவிட்டேன்’ என்று அக்கம்பக்கம் சொன்னது. அந்தச் சொல் பட்டு அவர்கள் விழுந்தார்கள். 114 எக்ஸ்சேஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒழுங்காகக் குணமாகி, குணமானதாலேயே அடுத்ததைச் சாய்த்தது. ஒன்பது மணி நேரம் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியின் வெளியூர் அழைப்புகளில் ஏறக்குறைய பாதி போய்ச் சேரவில்லை. செய்திகளின் நெரிசலைக் குறைத்த பிறகுதான் அடங்கியது.

இதெல்லாம் தெரிந்த பொறியாளர்கள் ஒரு காரியம் செய்வார்கள். அடுக்கைப் பூட்டி, எண் போட்டு, ரெண்டு பவர் கார்டையும் ஒரே பிளக்கில் செருகாமல் வேறு வேறு லைனில் செருகி, எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் வந்து நிற்பார்கள். ஒருவர் திரையில் நொடிக்கு ஒருதரம் ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நிரலை ஓடவிடுவார். இன்னொருவர் அலமாரிக்குள் கைவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மாஸ்டரின் பவர் கார்டைப் பிடுங்குவார். இப்போது எண்ண வேண்டும், பதில் வராமல் போனது எத்தனை என்று. ஒன்றோ ரெண்டோ என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். முப்பது என்றால் ஃப்ளாஸ்க்கில் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க உட்காருவார்கள்.